ஐம்பது சதவீத ஈரம்

எங்கள் மில்லில் மனிதர்களுக்கு ஏசி கிடையாது. காகிதத்துக்கு உண்டு.

மெஷின் ஓடும் கூடத்தில் ஆவி மண்டிக் கிடக்கும். அங்கே எட்டு மணி நேரம் நிற்பவர்களின் சட்டையைக் கழற்றிப் பிழிந்தால் ஒரு சொம்பு நிறையும். ஆனால் அதே மெஷினிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த ஒரு முழத் தாள் என் லேபுக்குள் நுழைந்துவிட்டால் அதற்கு ராஜ மரியாதை. இருபத்து மூன்று டிகிரி குளிர், ஐம்பது சதவீத ஈரப்பதம், கிளிப்பில் மாட்டி ஒரு முழு நாள் ஓய்வு. அதற்குப் பிறகுதான் அதை ஒரு கேள்வி கேட்கலாம். எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட யாரும் இவ்வளவு ஓய்வு கொடுக்கவில்லை.

இந்த உபசாரத்துக்குக் காரணம் இருக்கிறது. காகிதத்தில் நார்களைப் பிடித்து வைத்திருப்பது பசை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மேலாளரும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தார். மரத்தை வேகவைத்து நாராகப் பிரித்து, ஒரு பங்கு நாருக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, ஓடுகிற கம்பிவலை மேல் ஊற்றினால் தண்ணீர் கீழே இறங்கும், நார் மேலே தங்கும். மிச்சத் தண்ணீரும் உலர்ந்து போகப் போக, பக்கத்துப் பக்கத்து நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். யாரும் பேசி முடிக்காத கல்யாணம் அது. ஆனால் அந்தத் தண்ணீரை அவை மறப்பதே இல்லை. காற்றில் ஈரம் கூடினால் தாள் அதைக் குடிக்கும். குடித்தால் எடை ஏறும், பிடி தளரும். அதே தாள் வறண்ட அறையில் பலசாலி, ஈர அறையில் நோஞ்சான். அதனால்தான் எல்லாத் தாளையும் ஒரே காற்றில் உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும் என்று விதி.

அந்த விதியைக் காப்பாற்றும் ஆள் நான். பதினொரு வருடமாக. தாளை எடை போடுவேன், விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டி இழுவை மெஷினில் மாட்டி, எத்தனை கிலோவில் அறுகிறது என்று பார்ப்பேன். ஏழு கிலோ தாங்க வேண்டும். ரிப்போர்ட்டின் முதல் வரியில் அறையின் குளிர், அறையின் ஈரப்பதம். அடுத்த வரிகளில் தாளின் வண்டவாளம்.

அந்தத் தாளைச் செய்கிறவர் என் கணவர். மில்லில் இருப்பது ஒரே மெஷின், அதற்கு அவர்தான் பொறுப்பு. வீட்டில் அவருக்குச் சாப்பாடு போடுவேன், மில்லில் மார்க் போடுவேன். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இந்த ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "பெத்தவ நானே அவனுக்கு மார்க் போட்டதில்ல" என்பார். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வேலை மிச்சமாகியிருக்கும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பத்து வருடங்களுக்கு மேல் எந்த வம்பும் இல்லை. பிறகு புது மேலாளர் வந்தார்.

வந்த முதல் நாள் மில்லைச் சுற்றிக் காட்டினார்கள். கூழ்த் தொட்டியில் தலையாட்டினார், மெஷின் கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார், என் லேபுக்குள் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். நான்கூட இவர் காகிதத்தை நேசிக்கிற மனிதர் போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோனேன்.

"இங்கதான் மேடம் எனக்கு நல்லா யோசிக்க வருது" என்றார்.

மறுநாள் பதினான்கு நாற்காலிகள் வந்து இறங்கின.

முதல் கூட்டம் சிக்கனம் பற்றி. இரண்டாவது, முதல் கூட்டத்தில் நேரம் வீணானது பற்றி. யோசனைக்கு டீ வேண்டும் என்று ஒரு மின்சாரக் கெட்டில் வந்தது. அது என் எடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். தாமதமாக வருகிறவர்கள் கதவைத் தட்டுவது யோசனையைக் கெடுக்கிறது என்று கதவுக்கு இடையில் ஒரு நாற்காலியைச் செருகித் திறந்தே வைத்தார்கள். வாசலில் ஒரு பலகை உண்டு: உள்ளே இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. மழை நாட்களில் மேலாளர் தன் குடையை அந்தப் பலகையின் மேல்தான் மாட்டுவார். வசதியான உயரம்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் என் கணவர் மட்டும் உள்ளே உட்கார மாட்டார். சொட்டச் சொட்ட வேர்வையோடு நேராக மெஷினிலிருந்து வருவார், வாசல்படியோடு நின்றுகொள்வார். "உள்ள வாங்களேன்" என்பார் மேலாளர். "பரவால்ல சார், ஈரமா இருக்கேன்" என்பார் இவர். அந்த அறையில் அன்று புத்தியோடு பேசப்பட்ட ஒரே வாக்கியம் அதுதான். யார் காதிலும் விழவில்லை, என் காதிலும்தான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கலாம். மேலாளர் எனக்கும் டீ கொடுத்தார். பதினொரு வருடத்தில் அந்த அறையில் என்னிடம் யாரும் டீ வேண்டுமா என்று கேட்டதில்லை. காரணம் அவ்வளவுதான், இதைவிடக் கௌரவமான ஒன்றைக் கண்டுபிடிக்க நானும் முயன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் இழுவை ஏழிலிருந்து ஆறரைக்கு இறங்கியது. எடையோ சதுர மீட்டருக்கு எழுபது கிராமில் நிற்க வேண்டியது எழுபத்திரண்டைத் தொட்டது. கனமும் கூட, பலமும் இல்லை. சீர்வரிசையைக் குறை சொல்ல நினைக்கிற சம்பந்தி வீட்டார்கூட இப்படி இரண்டு பக்கமும் இடிக்க மாட்டார்கள்.

மேலாளர் அவசரக் கூட்டம் போட்டார். எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

"எடை ஜாஸ்தின்னா கூழை வீணாக்குறோம்னு அர்த்தம். கூழைக் குறைங்க. பலம் கம்மின்னா நார் சரியா நசுங்கலைன்னு அர்த்தம். இன்னும் அரைங்க."

கூழ்ப் பிரிவுக்காரர் ஆமாம் போட்டார். அவர் மேலாளருக்கு முன் இருந்தவருக்கும், அதற்கு முன் இருந்தவருக்கும் ஆமாம் போட்டவர். வாசலிலிருந்து என் கணவர் மட்டும், "ரொம்ப அரைச்சா தண்ணி வடியாது சார். தாள் நடுவுல அறுந்துபோகும்" என்றார்.

"ரிப்போர்ட்டைப் பாருங்க. உங்க வீட்டம்மாதான் எழுதியிருக்காங்க" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அவர் சொன்னபடியே செய்தார்கள். கூழ் குறைந்தது, அரைப்பு கூடியது. வலையில் தண்ணீர் வடிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு நாளைக்கு ஒருமுறை அறுந்த தாள், ஆறுமுறை அறுந்தது. அறுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கூட்டம். கூட்டம் கூடக் கூட இழுவை இறங்கியது. இழுவை இறங்க இறங்கக் கூட்டம் கூடியது. பாடப்புத்தகம் அச்சடிக்கிற அச்சகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: தாள் சுருள்கிறது, இந்தப் பக்கம் அச்சடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் படிக்கிற வசதி கிடைத்தது என்று யாரும் எங்களைப் பாராட்டவில்லை.

இரண்டரை மாதம் போனபோது மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்த மாசக் கடைசிக்குள்ள ரிப்போர்ட் சரியா வரலைன்னா, உங்க வீட்டுக்காரரை வேஸ்ட் யார்டுக்கு மாத்த வேண்டியிருக்கும். வேற ஆளை மெஷின்ல போடணும்."

வேஸ்ட் யார்டு என்பது அறுந்த தாளையெல்லாம் அள்ளி மறுபடி கூழாக்கும் கொட்டகை. இருபத்திரண்டு வருடம் மெஷினை ஓட்டியவர், அடுத்தவர் ஓட்டி அறுத்ததை அள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து இதை நான் சொன்னபோது அவர் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "நீ என்ன பண்ணுவ, வர்றதைத்தானே எழுதுவ" என்றார். அத்தைதான் விடவில்லை. "கொஞ்சம் கூட்டிப் போட்டா என்னடி கொறஞ்சிடும்?" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அத்தை, பதினொரு வருஷத்துல ஒரு எழுத்துகூட நான் பொய்யா எழுதினதில்ல" என்றேன். அப்போது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது காது எரிகிறது.

மாசக் கடைசிக்கு எட்டு நாள் இருக்கும்போது மேலாளர் மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவில் போனார். கூட்டம் இல்லை. கெட்டில் ஓய்வெடுத்தது. கதவு சாத்தியிருந்தது. இழுவை ஆறிலிருந்து ஏறி, மூன்றாம் நாள் ஏழைத் தொட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எடை மட்டும் அறுபத்தேழு என்று காட்டியது. சந்தோஷத்தில் அதை நான் கண்டுகொள்ளவில்லை.

நான்காம் நாள் மேலாளர் கல்யாணக் களையோடு வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"பாத்தீங்களா, நான் போட்ட திட்டம் இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. எல்லாரையும் கூப்பிடுங்க. இதைக் கொண்டாடணும்."

அப்போது நான் ஒரே தாளிலிருந்து பத்துத் துண்டு வெட்டி வைத்திருந்தேன். ஐந்தை இழுத்து முடித்திருந்தேன், ஐந்தும் ஏழு கிலோ. மீதி ஐந்தைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு ஒதுங்கினேன். பதினான்கு பேர், இரண்டு கெட்டில் டீ, ஒன்றரை மணி நேரம். அவர்கள் கலைந்து போனதும் மீதியை இழுத்தேன். ஆறே கால். ஆறு. ஆறு. ஆறே கால். ஆறு.

ஒரே தாள். காலையில் ஏழு, மதியம் ஆறு. நடுவில் என் கணவர் அதைத் தொடக்கூட இல்லை.

சுவரில் ஈரமானி இருக்கிறது. என் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் போதும். நிமிர்ந்து பார்த்தேன். எழுபத்தொன்று. கீழே குனிந்து ரிப்போர்ட்டைப் பார்த்தேன். முதல் வரியில் ஈரப்பதம் என்ற கட்டத்தில், காலையிலேயே, என் கையெழுத்தில், ஐம்பது.

நேற்றைய ரிப்போர்ட்டைப் புரட்டினேன். ஐம்பது. போன வாரம், போன மாதம், போன வருடம். எல்லாம் ஐம்பது. அந்த அறை ஐம்பதில் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், ஐம்பதில்தான் இருக்கிறது என்று பதினொரு வருடமாக நான் அதன் சார்பில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு நாள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. முந்தைய வருடங்களில் அது உண்மையாகவே ஐம்பதில் இருந்திருக்கும். அது ஏசியின் நல்ல குணம். எனக்கு அதில் பங்கு இல்லை.

ஈரமானிக்குள் ஒரு பேனா, வட்டமான தாளில் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை தோறும் அந்தத் தாளை மாற்றிப் பழையதை ஃபைலில் போடுவது என் வேலை. ஒழுங்காகப் போட்டிருந்தேன். தேதி வரிசையில், துளை போட்டு, நூல் கட்டி. எதையும் பார்க்காமல். அன்று எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கூட்ட நேரத்திலும் கோடு மேட்டில் ஏறி இறங்கியிருந்தது. மேலாளருக்கு எத்தனை மணிக்கு யோசனை வந்தது என்று அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எடை ரகசியமும் அப்போதுதான் உறைத்தது. கூடுதலாக நாங்கள் எடை போட்டது கூழை அல்ல, பதினான்கு பேர் விட்ட மூச்சை. மூச்சுக்குப் பதிலாகக் கூழைக் குறைத்து, நல்ல தாளை உண்மையிலேயே மெலிய வைத்துவிட்டோம்.

வழி இல்லாமல் இல்லை. மீதி நாட்களுக்குக் கூட்டம் தொடங்குமுன் அதிகாலையிலேயே சோதித்து ஏழு என்று எழுதலாம். கணவர் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். தாள் மட்டும் மெலிந்தபடியே போகும், மெஷின் ஆறுமுறை அறுந்தபடியே இருக்கும், அடுத்த மாதம் வேறு காரணத்தைச் சொல்லி அவரைத் தூக்குவார்கள். மேலாளரின் கூட்டத்தை மட்டும் சொல்லலாம். ஆனால் சொன்ன மறுநிமிடம் யாராவது கேட்பார்கள்: அப்படியானால் ஐம்பது என்று எழுதியது யார்? நாலு நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. பயமாக இருந்தது.

மாசக் கடைசிக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மேலாளர் முன்னால் மாற்றல் உத்தரவு இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. என் கணவர் வழக்கம்போல வாசல்படியில். நான் வட்டத் தாள்களை மேஜைமேல் பரப்பி, பக்கத்தில் கூட்டப் பதிவேட்டை வைத்தேன்.

"சார், கூட்டம் நடந்த நேரமும் அறை ஈரமான நேரமும் ஒண்ணு. ஈரம் ஏறினா தாள் எடை ஏறும், பலம் இறங்கும். தாள்ல குத்தம் இல்ல. மெஷின்லயும் இல்ல."

மேலாளர் வட்டங்களைப் புரட்டினார். கெட்டிலைப் பார்த்தார். கூழ்ப் பிரிவுக்காரர் மெதுவாகக் கை நீட்டி அதை அணைத்தார்.

"அப்ப மூணு மாசமா நாம தாளை டெஸ்ட் பண்ணலையா?"

"இல்ல சார். கூட்டத்தை டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் ஒன்றும் முட்டாள் இல்லை, அந்தக் கேள்விக்கு அவர் வர அரை நிமிடம்தான் ஆனது.

"ரிப்போர்ட்ல எல்லாம் ஐம்பதுன்னு இருக்கே மேடம்."

"பாக்காமதான் எழுதினேன் சார். இந்த மூணு மாசம் மட்டுமில்ல. பதினொரு வருஷமா."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் ஒவ்வொருவராக எழுந்தார்கள், நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தினார்கள், ஏதோ அவர்கள் மூச்சு விட்டால் அதையும் நான் எழுதிவிடுவேன் என்பதுபோல வெளியேறினார்கள். கடைசியாக மேலாளர் எழுந்து உத்தரவை இரண்டாகக் கிழித்தார்.

"அப்ப இனிமே கூட்டத்தை எங்கதான் வெக்கிறது?" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

தீர்ப்பு சாயங்காலத்துக்குள் வந்தது. கூழின் அளவும் அரைப்பும் பழையபடி. என் கணவர் மெஷினிலேயே இருப்பார். அலட்சியமாக ரிப்போர்ட் எழுதியதற்காக எனக்கு ஆறு மாதம் பேக்கிங் கூடம், ரீலுக்கு மேலுறை சுற்றுகிற வேலை. மேலாளருக்கு மெஷினின் கம்ப்யூட்டர் இருக்கிற அறை. அங்கேயும் ஏசி உண்டு. கம்ப்யூட்டர் ஈரத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்து இரண்டு பேரும் நடந்து வந்தோம். அவர் இரண்டடி முன்னாலேயே போனார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது, நின்றோம். நானே ஆரம்பித்தேன்.

"கோவமா இருந்தா சொல்லிடுங்க."

"கோவம் இல்ல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். "தாள் ஓடி வர்றப்ப நான் ஓரத்தைத் தொட்டுப் பாப்பேன். விரல்லயே தெரிஞ்சிடும், நல்லதா இல்லையான்னு. இந்த மூணு மாசத்துல, முதல்ல, நல்லாருக்குன்னுதான் விரல் சொல்லிச்சு. உன் ரிப்போர்ட் இல்லைன்னு சொல்லிச்சு."

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"உன்கிட்ட என்ன கேக்கறது. நீ தப்பா எழுத மாட்ட. அதனால விரல்தான் போச்சுன்னு நெனச்சேன். வயசாச்சு, சூட்டுலயே கெடக்கற கை, உணர்ச்சி செத்துப்போச்சுன்னு நெனச்சேன். உன்கிட்ட சொல்லாம டாக்டர்கிட்ட போய்க் காட்டினேன்."

பதினொரு வருடமாக நான் பார்க்காமல் எழுதிய ஒன்றை, ஒருவர் தன் கையைவிட அதிகமாக நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார், அதுவும் என் வீட்டிலேயே.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஊசியால குத்திப் பாத்தாரு. விரல் நல்லாத்தான் இருக்கு, ஒரு கொறையும் இல்லன்னாரு."

ரயில் வந்தது. அது போகும்வரை காத்திருந்து, கேட் ஏறும்போது சொன்னார்.

"அவரை நான் நம்பல."